பால் வாங்கப் போனது யார்? மேலாளர் பெண்களின் வீட்டுச் சுமையும் நாம் மறந்த வரலாறும்

மகளிர் தினக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கதை ஒன்று உண்டு. சென்னையில் பிறந்து வளர்ந்த இந்திரா நூயி, பெப்சிகோ நிறுவனத்தின் பிரசிடென்ட் பதவி தனக்குக் கிடைத்த செய்தியோடு ஒரு நாள் இரவு வீட்டுக்குப் போகிறார். செய்தி இருக்கட்டும், முதலில் போய்ப் பால் வாங்கி வா என்கிறார் அம்மா. பாலை வாங்கி வந்து வைத்துவிட்டு மகள் கோபப்படுகிறார். இந்த வீட்டுக்குள் நீ மனைவி, மகள், மருமகள், தாய். உன் கிரீடத்தைக் கார் நிறுத்துகிற இடத்திலேயே விட்டுவிட்டு வா என்று அம்மா பதில் சொல்கிறார். 2014இல் அமெரிக்காவில் ஒரு மேடையில் நூயியே இதைச் சொன்னார்.

நம் ஊர் மேடைகளில் இந்தக் கதை இரண்டு விதமாக வரும். எவ்வளவு உயர்ந்தாலும் அடக்கம் வேண்டும் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். இரவு 8 மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்ட கணவர் களைப்பாக இருக்கிறார் என்று அவரிடம் பால் வாங்கச் சொல்லவில்லை, இதுதான் ஆணாதிக்கம் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டாவது சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் இருவருமே ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் வீட்டில் உதவிக்கு ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் சொல்லியிருக்கலாமே என்று நூயி கேட்கிறார். மறந்துவிட்டேன் என்கிறார் அம்மா.

வேலைக்குப் போகிற, அதிலும் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிற பெண்ணின் வீட்டைப் பற்றிப் பேசும்போது அந்த வீட்டில் வேலை செய்கிற இன்னொரு பெண் எப்போதும் மறந்துபோகிறார். இந்த மறதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே பேச நினைக்கிறோம்.

பாடப்புத்தகம் சொன்னதும் சொல்லாததும்

சமூகவியல் முதுகலையில் 'வேலை–குடும்ப முரண்பாடு' என்று ஒரு பாடம் படித்தோம். கிரீன்ஹவுஸ், பியூட்டெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள். முதலாவது நேரம்: அலுவலகக் கூட்டம் நீண்டால் பிள்ளையின் பள்ளிக்கூட நேரம் போய்விடும். இரண்டாவது களைப்பும் மன அழுத்தமும்: அங்கே பட்ட சூடு இங்கே வந்து இறங்கும். மூன்றாவது நடந்துகொள்ளும் விதம்: அலுவலகத்தில் கறாராக இருக்கச் சொல்வார்கள், வீட்டில் கனிவாக இருக்கச் சொல்வார்கள், கதவைத் தாண்டியதும் ஆளே மாற வேண்டும். 1989இல் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட், சம்பள வேலை முடிந்து வந்த பெண் வீட்டில் பார்க்கும் வேலையை 'இரண்டாவது ஷிப்ட்' என்று அழைத்தார்.

இந்தப் பாடங்கள் எங்களுக்கு உதவின. நம் வீடுகளில் பார்த்ததற்கு ஒரு பெயர் கிடைத்தது. நம் நாட்டு அரசின் கணக்கெடுப்பும் அதையே காட்டுகிறது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் ஒரு பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார். அதே வேலையில் ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடங்கள். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெண்ணின் நேரம் 289 நிமிடங்களாகக் கொஞ்சம் குறைந்தது. ஆணின் நேரமும் 88 நிமிடங்களாகக் குறைந்துவிட்டது! பெண்ணின் சுமையில் குறைந்த அந்தப் பத்து நிமிடத்தை ஆண் எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெளிவு.

பாடப்புத்தகப் படத்தில் அலுவலகம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், நடுவில் ஒரு பெண். அவ்வளவுதான். அவர் இரண்டையும் சமாளிக்கிறாரா, தோற்கிறாரா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் அந்தப் பெண் நடுவில் வந்து நின்றது எப்படி, அவர் நிற்க இடம் வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டால், படம் மாறிவிடும்.

கல்யாணம் ஒரு தகுதிக் குறைவு

1951இல் அன்னா ராஜம் ஜார்ஜ் ஐ.ஏ.எஸ். பணிக்குத் தேர்வானார். இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவர் சேர்ந்தது நம் மதராஸ் மாகாணத்தில்தான். திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்று அவருடைய நியமன உத்தரவிலேயே எழுதியிருந்தது. அரசு வேலையில் பாலினத்தைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு சொல்லி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மாவட்டப் பொறுப்புக்குப் பதிலாகத் தலைமைச் செயலகத்தில் ஒரு நாற்காலி தருகிறோம் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. ஆண்களுக்குக் கொடுத்த பயிற்சிதானே எனக்கும் கொடுத்தீர்கள் என்று அவர் வாதாடினார். ஓசூருக்கு சப் கலெக்டராகப் போனார்.

அவருக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர் குடகைச் சேர்ந்த சி.பி. முத்தம்மா. சென்னையில் படித்தவர். திருமணம் செய்தால் ராஜினாமா செய்வேன் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, பதவி உயர்வில் தனக்கு அநீதி நடந்தது என்று அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு அந்த வழக்கை விசாரித்தது. வெளியுறவுப் பணி விதிகளில் என்ன இருந்தது தெரியுமா? பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசிடம் எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்புகள் அவருடைய வேலைத்திறனைக் குறைக்கும் என்று அரசு நினைத்தால், திருமணத்துக்குப் பிறகு அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம்.

குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலையைக் கெடுக்கும் என்றால் ஆணின் வேலையையும் கெடுக்கலாமே என்று அந்தத் தீர்ப்பு கேட்டது. வழக்கு நடக்கும்போதே அரசு முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. பாகுபாடான விதிகளை மாற்றுவதாகவும் சொல்லியது.

இது மேல்தட்டு அதிகாரிகளின் கதை மட்டும் அல்ல. பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஒரு பிரிவில், கல்யாணம் ஆனதும் பெண்கள் வேலையை விட்டுப் போக வேண்டும் என்று விதி இருந்தது. கல்யாணம் ஆனவர்கள் அடிக்கடி லீவு போடுவார்கள் என்பது நிர்வாகத்தின் வாதம். பம்பாய் லேபர் யூனியன் வழக்காடியது. 1965இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. முத்தம்மாவின் வழக்குக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே, ஒரு தொழிற்சங்கம் இந்த வாதத்தை உடைத்திருக்கிறது. 1981இல் ஏர் இந்தியா வழக்கில், விமானப் பணிப்பெண் முதல் முறை கருத்தரித்ததும் வேலையிலிருந்து நீக்கலாம் என்ற விதி போனது. ஆனால் வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்யக் கூடாது என்ற விதியை அதே தீர்ப்பு அப்படியே விட்டுவைத்தது.

விதிகள் போய்விட்டன. வாதம் போகவில்லை. இன்றைக்கும் நேர்முகத் தேர்வில் கல்யாணம் எப்போது, குழந்தை உண்டா, அம்மா உங்களோடு இருக்கிறாரா என்று பெண்ணிடம் மட்டும் கேட்கிறார்கள். குடும்பம் என்பது பெண் தன்னோடு அலுவலகத்துக்குக் கொண்டுவரும் குறை என்ற 1951ஆம் ஆண்டு உத்தரவு, வாய்மொழியாக இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

மில்லிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் வந்த உரிமை

மேலாளர் பெண்ணுக்கு இன்று கிடைக்கும் பேறுகால விடுப்பு, குழந்தைகள் காப்பகம் இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? கார்ப்பரேட் நிறுவனங்களின் பெருந்தன்மையால் வந்ததாக ஒரு பிரச்சாரம் இருக்கிறது. வரலாறு வேறு.

1928 ஜூலை 28 அன்று பம்பாய் சட்டசபையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்பும் பின்பும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே தேவை என்றார். இந்தச் செலவின் பெரும்பகுதியை அரசுதான் ஏற்க வேண்டும், ஏனென்றால் மக்கள் நலனைக் காப்பது முதன்மையாக அரசின் கடமை என்றார். பெண்ணின் உழைப்பால் லாபம் பெறும் முதலாளிக்கும் அதில் பங்கு உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டார். 1929இல் அந்தச் சட்டம் பம்பாயில் வந்தது. மதராஸ் மாகாணத்தில் 1934இல் வந்தது. அது யாருக்காகப் பேசிய பேச்சு? மில்லில் நின்று வேலை செய்து, பிள்ளை பெற்ற சில நாளில் திரும்பவும் மில்லுக்குப் போன பெண்களுக்காக.

1942 ஜூலை 20 அன்று நாக்பூரில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு நடந்தது. சுலோச்சனாபாய் டோங்ரே தலைமை தாங்கினார். ஆயிரக்கணக்கான பெண்கள் வந்திருந்தார்கள். அண்ணல் நேரில் வந்து பேசினார். அந்த மாநாட்டின் தீர்மானங்களை நம் இளைய தோழர்கள் ஒவ்வொருவரும் தேடிப் படிக்க வேண்டும். விவாகரத்து உரிமை வேண்டும், பலதார மணம் ஒழிய வேண்டும் என்று கேட்ட அதே பெண்கள், மில்லிலும் பீடித் தொழிலிலும் நகராட்சியிலும் ரயில்வேயிலும் வேலை செய்யும் பெண்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் தற்செயல் விடுப்பு, காயம் பட்டால் இழப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் கேட்டார்கள். கூடவே இன்னொன்றும் கேட்டார்கள்: பெண்கள் வேலை செய்யும் மில்களில் ஆண்களுக்குப் பதிலாகப் பெண்களை மேற்பார்வையாளர்களாக நியமிக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மில்களில் வேலைக்குச் சேர்ப்பதும் நிறுத்துவதும் ஜாபர், மேஸ்திரி போன்ற ஆண்களின் கையில் இருந்த காலம் அது. அவர்கள் கையூட்டு வாங்கினார்கள், பெண்களிடம் அத்துமீறினார்கள். அதனால்தான் அதிகாரத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கீழே நின்ற பெண்கள் கேட்டார்கள். பெண் மேலாளர் என்ற கோரிக்கையை இந்த நாட்டில் எழுப்பியவர்களில் தலித் பெண்கள் இருந்தார்கள். மேலாண்மைக் கல்லூரிகள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுப்பினார்கள். அதோடு அவர்கள் வேலையையும் வீட்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசவில்லை. விவாகரத்து, விடுப்பு, ஓய்வூதியம், பெண் மேற்பார்வையாளர் என எல்லாவற்றையும் ஒரே மேடையில் பேசினார்கள்.

அதே 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார் அம்பேத்கர். 1946 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சுரங்கப் பெண்களுக்கான 1941ஆம் ஆண்டுப் பேறுகால உதவிச் சட்டத்துக்கு அவர் காலத்தில் திருத்தங்கள் வந்தன. பிறகு 1948இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது. 1976இல் அந்த எண்ணிக்கை 30 ஆனது.

1961இல் நாடு முழுவதற்குமான பேறுகால உதவிச் சட்டம் வந்தபோது அது முக்கியமாகத் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 1988 திருத்தத்தில்தான் நேரடியாகச் சட்டத்துக்குள் வந்தன. அதாவது, குளிரூட்டிய அறையில் உட்காரும் மேலாளர் பெண், மில் தொழிலாளியும் தேயிலை பறித்தவரும் போட்ட பாதையில் பின்னால் வந்து சேர்ந்தவர். இதைச் சொல்வது அவரைக் குறை சொல்வதற்காக அல்ல. அவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று நினைவூட்டுவதற்காக.

27ஆவது வாரம்

2017இல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் திருத்தம் சொல்கிறது. நல்ல திருத்தம். ஆனால் 26 வாரச் சம்பளத்தையும் முழுக்க நிறுவனத்தின் தலையில் வைத்தது. பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்று 1928இல் அண்ணல் சொன்னதற்கு இது நேர் எதிர். விளைவு என்ன? பெண்ணை வேலைக்கு எடுத்தால் செலவு என்று கணக்குப் போடும் முதலாளிக்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

சரி, ஒரு மேலாளர் பெண்ணுக்கு 26 வாரம் கிடைத்துவிட்டது. 27ஆவது வாரம் அவர் அலுவலகம் போகிறார். குழந்தையை யார் பார்ப்பது? பெரும்பாலும் இன்னொரு பெண் வருகிறார். அவருக்குப் பேறுகால விடுப்பு கிடையாது, காப்பகம் கிடையாது, பணிநேரம் கிடையாது. ஏனென்றால் வீடு ஒரு 'நிறுவனம்' அல்ல. அவர் பிரசவத்துக்குப் போனால் வேலை போய்விடும், வேறொருவர் வந்துவிடுவார். தமிழ்நாட்டில் ஏழைப் பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தவணையாக 18,000 ரூபாய் அளவுக்கு உதவி உண்டு. அது வரவேற்கத்தக்கது. ஆனால் மேலாளரின் அரையாண்டுச் சம்பளத்தையும் இந்தத் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாய்மைக்கு இந்த நாட்டில் எத்தனை விலை என்று தெரியும்.

சட்டத்தின் வேலியைத் தாண்டிய ஒரு நல்ல உதாரணமும் உண்டு. டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு, மஸ்டர் ரோலில், கட்டுமான வேலையும் சாலை வேலையும் செய்த பெண்கள் பேறுகால உதவி கேட்டுச் சங்கத்தின் மூலம் போராடினார்கள். 2000இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் சட்டம் பொருந்தும் என்றது. அங்கேயும் கதவைத் தட்டியவர்கள் அடிமட்டப் பெண்கள்தான்.

ஓ.எம்.ஆர். சாலையின் இரண்டு பக்கங்கள்

சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் இந்த வரலாறு கண்ணெதிரே ஓடும். ஐ.டி. கம்பெனிக் கட்டடங்களுக்குப் போகும் கார்களில் டீம் லீடர், புராஜெக்ட் மேனேஜர் பெண்கள். அதே சாலையில் துரைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கண்ணகி நகர். கூவம் கரையிலிருந்தும் நகரின் மற்ற குடிசைப் பகுதிகளிலிருந்தும் 2000ஆம் ஆண்டிலிருந்து மக்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இந்த மக்களில் பெரும்பாலோர் தலித்துகள். அங்கிருந்து விடிகாலையில் கிளம்பி அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வேலைக்குப் போகிறார்கள் பெண்கள். மேலாளர் பெண் 8 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் இவர் 6 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இவருடைய பிள்ளையை 6 மணிக்கு யார் எழுப்பி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்புவது? பத்து வயது அக்கா. இரண்டாவது ஷிப்ட் முடியவில்லை, கை மாறியிருக்கிறது. அது கடைசியில் வந்து நிற்பது ஒரு சின்னப் பெண்ணின் தலையில்.

அந்த வேலையிலும் சாதி உண்டு. சமையலுக்கு ஒரு சாதி, பெருக்கித் துடைக்க ஒரு சாதி, கழிவறைக்கு ஒரு சாதி. தனி டம்ளர் வைத்திருக்கும் வீட்டில், வேலை–வாழ்க்கைச் சமநிலை பற்றிய புத்தகமும் அலமாரியில் இருக்கும்.

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் இதே கேள்வியை எழுப்பினார்கள். படித்த வெள்ளைப் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போக வேண்டும் என்று பெட்டி ஃப்ரீடன் 1963இல் எழுதினார். அப்போது அவர்கள் பிள்ளைகளையும் வீட்டையும் பார்க்க யாரைக் கூப்பிடுவார்கள் என்று சொல்லவில்லையே என 1984இல் பெல் ஹூக்ஸ் கேட்டார். இங்கே நம் ரூத் மனோரமா, 1980களில் பெங்களூரில் சேரிப் பெண்களையும் வீட்டு வேலைத் தொழிலாளர்களையும் சங்கமாகத் திரட்டினார். 1995இல் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாக ஏற்றுக்கொண்டது. 2011இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலைத் தொழிலாளருக்காக 189ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமையுங்கள் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அவரே மேலாளர் ஆனால்?

இதுவரை மேலாளர் பெண் ஒருவர், வேலைக்காரப் பெண் வேறொருவர் என்றே பேசினோம். வேலைக்காரப் பெண்ணின் மகளே மேலாளர் ஆகும்போது என்ன நடக்கிறது? எங்கள் தோழி ஒருவரின் கதையைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வங்கியும் வேண்டாம் என்றார்.

அவருடைய அம்மா நான்கு வீடுகளில் வேலை பார்த்தவர். மகள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. தேர்வெழுதி வங்கியில் கிளர்க்காகச் சேர்ந்து, அதிகாரியாகி, இப்போது சொந்த மாவட்டத்துக்கு வெளியே ஒரு கிளையின் மேலாளர். கிளர்க்காக இருந்தவரை டிரான்ஸ்ஃபர் கவலை இல்லை. பதவி உயர்வு என்றால் ஊர் விட்டு ஊர் போக வேண்டும். அவரோடு சேர்ந்த பெண்களில் சிலர் குழந்தையைக் காரணம் காட்டிப் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இவர் வேண்டும் என்றார். எங்கள் ஆளில் ஒருத்தியாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டாமா என்றார்.

புது ஊரில் வங்கிக்குப் பக்கத்தில் வீடு தேடினார். என்ன ஆளுங்க என்று கேட்டவர்கள் பிறகு போனை எடுக்கவில்லை. தொலைவில்தான் வீடு கிடைத்தது. அதனால் தினமும் போக வர ஒன்றரை மணி நேரம் கூடுதல். சமையலுக்கு ஒருவரை ஏற்பாடு செய்தார். அவரும் வந்த அன்று அதே கேள்வியைக் கேட்டார், மறுநாள் வரவில்லை. கடைசியில் அம்மா கிளம்பி வந்துவிட்டார். மூட்டுவலியோடு நான்கு வயதுப் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு மார்ச் மாதக் கடைசியில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். இவர் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா தனியாக ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனார். இவர் போய்ச் சேரும்போது இரவு 11 மணி. மறுநாள் கிளையில் காதில் விழுந்தது, 'கோட்டாவுல வந்தா இப்படித்தான், பொறுப்பு கிடையாது.' இவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் மகனின் கிரிக்கெட் பயிற்சிக்காக வாரம் இரண்டு நாள் 5 மணிக்கே கிளம்பிவிடுவாராம். அவருக்கு நல்ல குடும்பஸ்தர் என்று பெயர்.

பாடப்புத்தகத்தின் மூன்று வகைக்குள் இது அடங்குமா? நேரம் போதவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தைத் தின்றதில் வீடு கொடுக்காத சாதிக்கும் பங்கு இருக்கிறது. களைப்பு உண்மை. ஆனால் ஒரு நாள் தவறினாலும் தன் மக்கள் எல்லோருடைய தகுதியும் கேள்விக்குள்ளாகும் என்ற பயம் அந்தக் களைப்பில் பாதி. அவருடைய குடும்பமும் கணவன், பிள்ளை என்ற அளவோடு நிற்பதில்லை. தம்பியின் கல்லூரிக் கட்டணம், சித்தியின் ஆபரேஷன், ஊரில் யாருக்காவது கல்விக் கடன் விண்ணப்பம் என்றால் எல்லோரும் அவருக்குத்தான் போன் செய்வார்கள். அதை அவர் சுமை என்று சொல்வதில்லை, கடமை என்கிறார். ஆனாலும் அதற்கும் நேரம் வேண்டும்தானே?

பேசி முடிக்கும்போது அவர் சொன்னது எங்களை விட்டுப் போகவில்லை: "எங்கம்மா முப்பது வருஷம் அடுத்தவங்க புள்ளைங்கள பாத்துக்கிட்டு என்னை வளத்தாங்க. இப்ப என் புள்ளைய பாக்குறாங்க. அப்பவும் ஓய்வு இல்ல, இப்பவும் இல்ல. எனக்கு மேனேஜர்னு பேரு வந்துடுச்சு. அவங்களுக்கு இன்னும் ஒரு பேரும் வரல."

நம் வீடும் நம் இயக்கமும்

இதையெல்லாம் ஆதிக்க சாதி வீடுகளைப் பார்த்து மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் இயக்கக் கூட்டங்கள் மாலை 6 மணிக்கு மேல் தொடங்கும். 8 மணிக்கு எழுந்து போகும் பெண் தோழரைப் பார்த்து, அர்ப்பணிப்பு போதவில்லை என்று நாங்களே பேசியிருக்கிறோம். அதே நேரத்தில் இரவு 11 மணி வரை சமத்துவம் பேசிய ஆண் தோழருக்கு வீட்டில் சோறு மூடி வைத்திருப்பார்கள். கணவனின் தோழியாக, சமமானவளாக நில், அடிமையாக இருக்க மறுத்துவிடு என்று நாக்பூரில் அண்ணல் பெண்களிடம் சொன்னார். அதில் ஆண்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. இப்போது எங்கள் வாசிப்பு வட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றியிருக்கிறோம். பிள்ளைகளைக் கூட்டி வரலாம். அவர்களைப் பார்த்துக்கொள்வது முறை வைத்து ஆண் தோழர்களின் வேலை. சின்ன மாற்றம்தான். வருகிற பெண்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

கோரிக்கைகளிலும் நாம் தெளிவாக இருக்க வேண்டும். பேறுகாலச் செலவை அரசின் பொது நிதி ஏற்க வேண்டும். 1928இலேயே சொல்லப்பட்ட கோரிக்கை இது. குழந்தைகள் காப்பகம் நிறுவனத்தின் வாசலோடு நிற்காமல் தெருவுக்கு வர வேண்டும். அங்கன்வாடி மாலை வரை நடந்தால், அதில் மேலாளரின் பிள்ளையும் அவர் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளையும் சேர்ந்து உட்காரலாம். அதற்கான ஊழியர்களையும் முறையான சம்பளத்தையும் அரசு தர வேண்டும். வீட்டு வேலைத் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் வேண்டும். தந்தைக்கான விடுப்பு மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் என்ற அளவில் நிற்கிறது. தனியார் துறைக்கு அதைக் கட்டாயமாக்கும் பொதுச் சட்டமே இல்லை. அதையும் கேட்க வேண்டும். இடமாற்றம், வேலை நேரம் பற்றிய கொள்கைகளைப் பேசும்போது, சாதியின் பெயரால் வீடு மறுக்கப்படுவதையும் தொழிற்சங்கங்கள் பேச வேண்டும்.

மேலாளர் ஆகப்போகும் நம் மாணவிகளுக்கு ஒன்று. நீங்கள் அந்த நாற்காலிக்குப் போங்கள். நாக்பூரில் கூடிய பெண்கள் உங்களைத்தான் கேட்டார்கள். போய் உட்கார்ந்த பிறகு, உங்கள் அறையைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பேறுகால விடுப்பு உண்டா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

அடுத்த மகளிர் தினக் கூட்டத்தில் யாராவது அந்தப் பால் கதையைச் சொன்னால், கையைத் தூக்கி ஒரு கேள்வி கேளுங்கள். அந்த வீட்டில் உதவிக்கு இருந்தவர்கள் அன்றைக்கு எத்தனை மணிக்குத் தங்கள் வீட்டுக்குப் போனார்கள், அவர்கள் பிள்ளைகளுக்குப் பால் வாங்கியது யார் என்று.